என் வீட்டுக்கு வந்து திரும்பிப்போன நற்கருணை

இந்த வருடம் தவக்காலம் தொடங்கி இரண்டாவது கிழமையில் இருந்து, ஜூன் மாத அந்தோனியார் திருநாளுக்கு முந்திய கிழமை வரைக்கும் நான் நற்கருணை அப்பம் எடுக்கவில்லை. உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா அன்றும் எடுக்கவில்லை. பூசையில் எல்லாரும் எழும்பி வரிசையில் போகும்போது நான் நீள வாங்கிலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வருத்தக்காரி, பாவம், தொண்டையில் ஒன்றும் இறங்காது போல என்று நினைத்திருப்பீர்கள். சிலர் பூசை முடிந்து வந்து என் கையைப் பிடித்து அதையே சொன்னீர்கள். நான் தலையாட்டினேன்.

நான் எடுக்காததற்கு உடம்பு வருத்தம் காரணம் இல்லை. இதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. நானே பங்குத்தந்தையிடம் போய் நம் பங்கு இதழில் ஒரு பக்கம் தாருங்கள் என்று கேட்டேன். என் வாய்க்கு இந்தக் கொட்டாஞ்சேனையில் ஒரு பேர் இருக்கிறது. மற்றவர்கள் செய்த பிழையை நேரே முகத்துக்குச் சொல்கிறவள் என்று. அதே வாயால் என் பிழையையும் சொல்லாவிட்டால் அது என்ன வாய்?

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பிலோமினா. பன்னிரண்டு வருடமாக, முதன்முதல் நற்கருணை எடுக்கப்போகிற முதல்நன்மைப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறேன். கணவர் சேவியர் துறைமுகத்தில் வேலை. ஒரே மகள் கல்யாணம் முடித்து இரத்மலானையில் இருக்கிறாள்.

தை மாதக் கடைசியில் எனக்கு நெஞ்சுக்குக் கீழே, வலது பக்கமாக ஒரு நோவு வரத் தொடங்கியது. வாய்வு என்று நினைத்து இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் காலையில் பல் தீட்டும்போது கண்ணாடியைப் பார்த்தால் கண் இரண்டும் மஞ்சள். ஸ்கான் செய்து பார்த்ததில் பித்தக் குழாயில் கல் அடைத்திருப்பதாகச் சொன்னார்கள். வயிற்றை வெட்டத் தேவையில்லை, வாய் வழியாக ஒரு குழாயை விட்டு உள்ளுக்குள்ளேயே அந்தக் கல்லை எடுக்கலாம் என்றார் டொக்டர். அவர் ஒரு முஸ்லிம், தமிழில் ஆறுதலாகக் கதைப்பார். பித்தக் குழாயும் கணையத்தின் குழாயும் குடலுக்குள் ஒரே வாசலால் திறக்கின்றன, பித்தக் குழாய்க்குள் போகும்போது பக்கத்தில் உள்ள கணையம் கோபித்துக்கொண்டு வீங்கிவிடும் ஆபத்து இருக்கிறது, சிலருக்கு அது உயிருக்கே மோசமாக முடியும், அதைக் குறைக்க முன்கூட்டியே ஒரு மருந்தும் சேலைனும் தருவோம் என்று ஒரு பேப்பரில் படம் கீறிக் காட்டினார். நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். மண்டைக்குள் ஒன்றும் ஏறவில்லை. கல்லை எடுத்தால் சரி என்ற அவசரம்.

அந்த நாள் வந்தது. திரைச்சீலை போட்ட ஒரு அறையில் ஆறு பேரைக் கவுன் உடுத்து வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள். ஒரு சின்ன வயது நேர்ஸ் வந்தாள். சிங்களப் பிள்ளை, கொஞ்சம் தமிழ் தெரியும். என் மகளின் வயதுதான் இருக்கும், ஆனாலும் நாங்கள் நேர்ஸ்மாரை மிஸ் என்றுதானே கூப்பிடுவோம். அவள் கையில் வெள்ளியாய்ச் சுற்றிய ஒரு மருந்து. மெழுகு மாதிரி, சின்ன விரல் நுனி அளவு. அதைப் பின்பக்கம் வைக்க வேண்டும் என்றாள்.

எனக்கு உடம்பே கூசிப்போனது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வைக்கிற சாமான் அல்லவா அது. பித்தத்தில் கல் என்று வந்தவளுக்கு அங்கே என்ன வேலை? திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் இருமுவது கேட்கிறது. நான் விடமாட்டேன் என்று காலை இறுக்கிக்கொண்டேன். பிறகு, நானே டொய்லட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் மிஸ் என்று கெஞ்சினேன். அவள் யோசித்தாள். அவளே வைக்க வேண்டும் என்பதுதான் அங்கே முறை, அது எனக்குப் பிறகு தெரிந்தது. என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, மருந்தை என் கையில் தந்தாள்.

டொய்லட்டுக்குள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். காலையில்தான் வயிறு நன்றாகப் போனதே, பிறகு எதற்கு இது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொன்னேன். திசுக் கடதாசியில் சுற்றிக் குப்பைக் கூடைக்குள் போட்டேன். வெளியே வந்தபோது அவள் வைத்தீர்களா என்று கேட்டாள். ஓம் மிஸ் என்றேன். அவள் என் டிக்கெட்டில், அதுதான் கட்டிலில் தொங்குகிற அந்த நோயாளர் பத்திரத்தில், மருந்து கொடுத்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று கல்லை முழுக்க எடுக்க முடியவில்லை. பெரிய கல். பித்தம் வடிவதற்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயை உள்ளே வைத்துவிட்டு, சில மாதத்தில் திரும்ப வர வேண்டும் என்றார்கள். பின்னேரம் நோயாளர் பார்க்கிற நேரத்தில் சேவியர் தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்து நிற்கும்போதுதான் அந்த நோவு தொடங்கியது. நடு வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போனது. பிள்ளை பெற்றவள் சொல்கிறேன், பிள்ளைப்பேறு நோவு இதற்குக் கிட்டவும் வராது. கணையம் வீங்கிவிட்டது என்றார்கள். என்னை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். நாட்கணக்காக வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா பிளேன்டீ குடிக்கிற சத்தம் கேட்டாலே எனக்குக் கண்ணீர் வரும்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, சேவியர் டொக்டரைப் பிடித்துச் சத்தம் போட்டார். அவர் சாதுவான மனிசன், பயத்தில் கத்தினார். முன்கூட்டியே மருந்து தருவோம் என்று சொன்னீர்களே, தந்தீர்களா என்று கேட்டார். டொக்டர் அந்த நேர்ஸைக் கூப்பிட்டார். அவள் கொடுத்தேன் என்றாள். எழுதியிருக்கிறது என்று காட்டினாள். எழுதுவதை யாரும் எழுதலாம் என்று சேவியர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. இந்தப் பிள்ளை உனக்கு மருந்து தந்தவவா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. இந்த அம்மா உண்மையைச் சொல்லுவா என்ற நம்பிக்கைதான் இருந்தது. குப்பையில் போட்டேன் என்று சொன்னால் சேவியர் முன்னால், டொக்டர் முன்னால், வார்டு முழுவதற்கும் முன்னால் என் மானம் என்னாவது?

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன்.

இவ்வளவுதான் நான் சொன்னது. சேவியர் ஆஸ்பத்திரிக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வருவதற்கு முதலே அந்த நேர்ஸை அந்தப் பிரிவில் இருந்து எடுத்துவிட்டார்கள் என்றும், விசாரணை நடக்கிறது என்றும் அறிந்தோம். நல்லதாய்ப் போச்சு, இனியாவது கவனமாக இருப்பார்கள் என்றார் சேவியர். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உண்மையான பசி தொடங்கியது. சோற்றுப் பசி இல்லை. என் வகுப்பில் நான் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறேன்? ஒருவருக்கு அநியாயம் செய்துவிட்டு அதைச் சரிசெய்யாமல் நற்கருணைக்குப் போகக் கூடாது என்று. அதை வருடா வருடம் நானே வாயால் சொல்லிக் கொடுத்தவள். ஒரு சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன், செபமாலை சொல்லத் தவறினேன், மருமகனைப் பற்றிக் குறை பேசினேன் என்று அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிச் சின்னச் சின்னதாய்ச் சொல்லிவிட்டு, அந்தப் பெரிய ஒன்றை விழுங்கிவிட்டு எழும்பி வந்தேன். போகாமல் இருப்பதைவிட இது மோசம். அதுவும் நான் படிப்பிக்கிற பாடம்தான்.

பாஸ்கா பூசையில் வரிசை போனபோது என் கால் தானாக எழும்பப் பார்த்தது. நான் வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆண்டவரே, நீர் இவ்வளவு கிட்ட இருக்கிறீர், என்னால் வர முடியவில்லையே என்று உள்ளுக்குள் கதறினேன். ஒரு ஊரில் இருந்துகொண்டே தாய் முகம் பார்க்க முடியாதவள் மாதிரி இருந்தது எனக்கு.

சேவியர் நான் ஏங்குவதைக் கண்டிருக்கிறார். காரணம்தான் அவருக்குத் தெரியாது. மே மாதம், வைகாசி முதல் வெள்ளிக்கு எனக்குச் சொல்லாமலே ஒரு ஏற்பாடு செய்திருந்தார். முதல் வெள்ளியில் வருத்தக்காரர் வீடுகளுக்கு ஃபாதர் நற்கருணை கொண்டுவருவார் அல்லவா. காலையில் நான் அறையை விட்டு வெளியே வந்தால், சின்ன மேசையில் எங்கள் கல்யாணத்துக்கு வந்த வெள்ளை விரிப்பு. அதில் சிலுவையில் பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி, ஒரு கிளாஸ் தண்ணீர். மனிசன் லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். என் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு. எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது. ஓடிப்போக வேண்டும் போலவும் இருந்தது.

முன்னால் ஒரு பையன் மணி ஆட்டிக்கொண்டு வர, ஃபாதர் ஒழுங்கைக்குள் வந்தார். பக்கத்து வீட்டுச் சனம் எல்லாம் வாசலில் முழங்காலில் இருந்தார்கள். ஃபாதர் வந்து மேசையில் நற்கருணை இருக்கிற அந்தச் சின்னப் பொன் பெட்டியை வைத்தார். நான் கையால் வாயைப் பொத்தினேன். விடிந்ததில் இருந்து சத்தி ஃபாதர், உள்ளுக்கு நிற்காது, வீணாகிவிடும் என்றேன். அது அடுத்த பொய். ஃபாதர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் தலையில் கை வைத்துச் செபித்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். ஆண்டவர் என் வீட்டுக்குள் வந்து, நான் உள்ளே எடுக்காமல் திரும்பிப் போனார். மணிச் சத்தம் அடுத்த ஒழுங்கைக்குள் போகும்வரை நான் அந்த மேசையடியிலேயே இருந்தேன். சேவியர் மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டு, பரவாயில்லை அடுத்த மாசம் பார்ப்போம் என்றார்.

அடுத்த மாதம் வரைக்கும் போகவில்லை. வைகாசிக் கடைசியில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தது. கண் திரும்பவும் மஞ்சள். உள்ளே வைத்த குழாய் அடைத்துவிட்டதாம். கிருமி ஏறியிருக்கிறது, உடனே திரும்பவும் வாய் வழியாகக் குழாய் விட்டுப் போக வேண்டும், தள்ளிப்போட முடியாது என்றார்கள். ஒரு முறை கணையம் வீங்கினவருக்கு மறு முறை வீங்குவதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம் என்பதையும் டொக்டர் மறைக்கவில்லை. போன முறை அந்த மருந்து கொடுத்ததாகத்தான் எழுதியிருக்கிறது, கொடுத்தும் இப்படி ஆனதே, உங்கள் உடம்புக்கு அது வேலை செய்யாது போலிருக்கிறது, வேறு என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன் என்று தனக்குள் யோசித்துக்கொண்டு போனார்.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது என் உயிருக்கே வினை என்று தெரிந்தும் திறக்கவில்லை. மனிசருக்கு மானம் எவ்வளவு பெரிய விலங்கு என்று அன்றுதான் கண்டேன்.

அவர் போன பிறகு போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு செபித்தேன். என்னைச் சுகமாக்கும் என்று கேட்கவில்லை. கேட்க முகம் இல்லை. ஆண்டவரே, எனக்கு நீர் வேண்டும், ஒரு தரம், ஒரேயொரு தரம் உம்மை வாங்கிவிட்டு நான் செத்தாலும் பரவாயில்லை, என் வாயை நீரே வந்து திறவும் என்று கேட்டேன். அதை எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது.

யாரோ போர்வையைத் தொட்டார்கள். கையில் ஊசி ஏற்ற வேண்டும் அம்மா என்ற குரல். போர்வையை விலக்கிப் பார்த்தால் அந்த நேர்ஸ். அவளை அந்த வார்டுக்குத்தான் மாற்றியிருக்கிறார்கள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முகம் வெளிறிப்போனது. ஆனாலும் வேலையை விடவில்லை. காய்ச்சலில் வற்றிப்போன என் கையில் ஒரே தரத்தில் நரம்பைப் பிடித்து, நோகாமல் ஊசியை ஏற்றி, பிளாஸ்டர் ஒட்டினாள். போகத் திரும்பினவள் நின்றாள். மெல்லக் குனிந்து, தெரிந்த தமிழில் கேட்டாள்.

"அம்மா, நான் குடுத்தது தானே? எனக்கு இப்ப எனக்கே டவுட். எல்லாரும் கேட்டு கேட்டு, நான் வேற ஆளுக்கு குடுத்ததா தெரியல. எனக்கு நித்திரை இல்ல அம்மா. உண்மை சொல்லுங்க."

ஐயோ என் ஆண்டவரே. நான் ஒரு பிள்ளையின் வேலையைத்தான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவளுடைய கண்ணால் கண்டதையே அவள் நம்ப முடியாமல் பண்ணியிருக்கிறேன்.

"குடுத்தீங்க மிஸ்" என்றேன். "என்ட கையிலதான் தந்தீங்க. நான் போடயில்ல. வெட்கத்தில குப்பையில போட்டுட்டன். பிறகு பொய் சொன்னனான்."

வாய் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் மூடச் சொன்னாலும் மூடியிருக்காது. டொக்டரைக் கூப்பிடுங்கள் என்றேன். பார்க்கிற நேரத்துக்கு வந்த சேவியரையும் கட்டிலடியில் நிற்க வைத்துக்கொண்டு, வார்டே கேட்கத் திரும்பவும் முழுவதையும் சொன்னேன். டொய்லட், குப்பைக் கூடை, ஞாபகம் இல்லை என்ற அந்தச் சொல், முதல் வெள்ளியில் சத்தி என்று சொன்ன பொய், எல்லாம். சேவியர் என்னைப் பார்க்கவில்லை. கட்டில் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார். அது எனக்கு அந்தக் கணைய நோவைவிட நொந்தது. அவளோ, நான்தான் போட்டிருக்க வேணும், உங்கட கையில குடுத்தது என்ட பிழை என்று அழுதாள். என் வெட்கத்துக்கு இரங்கியதை அவள் பிழை என்று சொல்லுகிறாள், பாருங்கள்.

டொக்டர் ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். அந்த மருந்து ஆபத்தைக் குறைக்கும், வரவே வராதுன்னு சொல்ல ஏலாது. நீங்களே உங்களுக்கு வருத்தத்த வரவழச்சீங்கன்னு நெனைக்க வாணாம். ஆனா இத முதல்லயே சொல்லியிருந்தா, எனக்கு ஒரு நல்ல மருந்த சந்தேகப்பட வேண்டி வந்திருக்காது."

அடுத்த நாள் காலையில் அந்தப் பிள்ளையே வந்து அந்த மருந்தை வைத்தாள். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஒரு நிமிட வெட்கத்துக்குத்தான் நான் மூன்றரை மாதம் அழுதிருக்கிறேன். சேலைன் போத்தல் ஒன்று முடிய ஒன்று ஏறியது. உள்ளே போனபோது, வழி பிடிக்க விடுகிற கம்பி கணையத்தின் குழாய்க்குள்ளும் போய்விட்டதாம். அது வீங்கி அடைத்துவிடாமல் இருக்க அதற்குள்ளும் நூல் மாதிரி ஒரு மெல்லிய குழாயை வைத்தார்கள். அது சில நாளில் தானாக விழுந்துவிடும், எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர். பழைய குழாயையும் கல்லையும் எடுத்துவிட்டார்கள்.

பின்னேரம் வந்தது. நோவு வரும் நேரம் இதுதான் என்று வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சேவியர் கட்டிலடியில் செபமாலையோடு இருந்தார். எங்கள் இரண்டு பேருக்குள்ளும் இன்னும் பேச்சு வரவில்லை. நோவு வரவில்லை. இரத்தப் பரிசோதனையும் நன்றாக இருந்தது. மறுநாள் விடியற்காலையிலும் நோவு இல்லை.

காலையில் சேவியர் ஃபாதரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் கேட்கவே இல்லை. திரையை இழுத்துவிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். இந்த முறை அந்தப் பெரியதைத்தான் முதலில் சொன்னேன். ஃபாதர் பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டு அந்தப் பொன் பெட்டியை எடுத்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, டொக்டர் சொல்லும்வரை வாயில் ஒன்றும் போடக் கூடாது என்று. இனி நான் ஒரு சொல்லையும் மறைத்து ஒன்றும் விழுங்கமாட்டேன். பொறுங்கள் ஃபாதர் என்றேன். ஃபாதர் பொறுத்தார். டொக்டர் மாணவர்களோடு ஒவ்வொரு கட்டிலாக வந்துகொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் அவருக்காகக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில் எனக்கு இருந்த ஆசையை எழுத என்னிடம் சொல் இல்லை.

அவர் வந்தார். வயிற்றை அமத்திப் பார்த்தார். நோகுதா என்றார். இல்லை என்றேன். டொக்டர், இவ்வளவு மெல்லிய ஒரு அப்பம், நகத்தளவுதான், நான் விழுங்கலாமா என்று கேட்டேன். அவர் ஃபாதரின் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அத சாப்பிடுங்க அம்மா" என்றார். "மத்ததெல்லாம் பொறகு."

டொக்டர் ஒதுங்கி நின்றார். மாணவர்களும் நின்றார்கள். திரைக்குப் பக்கத்தில் அந்த நேர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்தேன். இத்தனை நாளுக்குப் பிறகு என் ஆண்டவர் வந்தார். நான் சத்தம் போட்டு அழுதேன், எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

முறைப்பாட்டை வாபஸ் வாங்கி, நடந்ததை நடந்தபடி நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விசாரணையை மூடிவிட்டார்கள். அவள் பழைய பிரிவுக்கே திரும்பப் போய்விட்டாள். சேவியர் என்னோடு கதைக்க நாலைந்து நாள் பிடித்தது. அதுவும் எனக்கு வர வேண்டியதுதான். இப்போது என் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் வரும்போது நான் புத்தகத்தைப் பார்ப்பதில்லை, என் கதையையே சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் யாராவது என்னிடம் வந்தால், தருகிற மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சமாக இருந்தால் கூச்சமாக இருக்கிறது என்றே சொல்லுங்கள், பொய் மட்டும் சொல்லாதீர்கள் என்கிறேன்.

நான் சுகம் கேட்கவில்லை, ஆண்டவர் சுகமும் தந்தார். நான் கேட்டது வாயைத் திறக்க ஒரு வழி. அதற்கு அவர் அனுப்பியது நான் அநியாயம் செய்த பிள்ளையையே. அவருக்கு ஆயிரம் நன்றி, இந்த ஆயுள் முழுக்க நன்றி.

உங்களில் யாராவது, வரிசை போகும்போது குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி வாங்கில் இருக்கிறீர்களா? நான் என்னவென்று கேட்கமாட்டேன். நீங்கள் அவரைக் கேளுங்கள். எனக்குத் திறந்தவர் உங்களுக்கும் திறப்பார். வருகிற ஞாயிறு உங்கள் வாங்கில் கொஞ்சம் தள்ளி இருங்கள், நான் வந்து பக்கத்தில் இருக்கிறேன். எழும்ப முடிகிற நாளில் இரண்டு பேருமாக எழும்பிப் போவோம்.